ராத்தா இருமினால் நான் ஓதுவேன்

ராத்தா மௌத்தாகிவிட்டாராம். அவரிடம் படித்த பிள்ளை ஒன்று இன்று காலை புது நம்பரிலிருந்து மரணச் செய்தி அனுப்பியிருந்தது.

இதை என் நண்பர்கள் மட்டும் பார்க்கிற மாதிரித்தான் போடுகிறேன். தயவுசெய்து யாரும் ஷேர் பண்ண வேண்டாம். போட்டோ கேட்க வேண்டாம்... போடமாட்டேன். பெயரும் எழுதமாட்டேன்.

ராத்தா ஆப்கானிஸ்தான்காரி. சவூதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் கிளீனிங் வேலை செய்தபோது அவர் பிரசவ அறையில் மிட்வைஃப். மூத்த சகோதரியைக் கூப்பிடுகிற மாதிரி நான் ராத்தா என்றேன், அவரும் திரும்பிப் பார்த்தார். அப்படியே ஒட்டிக்கொண்டது.

அரபியும் இங்கிலீசும் கலந்துதான் பேசுவோம். இப்போது நினைத்தால் எல்லாமே எங்கள் ஏறாவூர்த் தமிழில்தான் காதில் விழுகிறது.

நான் ஊருக்கு வந்தேன். அவர் தன் நாட்டுக்குப் போனார். பிறகு அங்கே ஆட்சிக்கு வந்தவர்கள் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மிட்வைஃப் படிப்பையும் மூடினார்கள். ஆண் டாக்டரிடம் காட்டவும் விடமாட்டார்கள்... அப்போ பிள்ளை பெறுகிறவள் என்ன செய்வது? சாகிறதா?

ராத்தா வீட்டு உள்ளறையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அக்கம்பக்கத்துக்கு அது குர்ஆன் வகுப்பு. வெளிநாட்டு ஆலிமா ஒருவர் போனில் ஓதிக்கொடுக்கிறாராம்.

அந்த ஆலிமா நான்தான்!

கிளாஸ் முடியும்வரை கோல் ஓடிக்கொண்டே இருக்கும். நான் இங்கே குசினியில் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். அங்கே வாசலில் யாராவது வந்தால் ராத்தா இருமுவார். உடனே நான் குர்ஆனிலிருந்து யாசீன் அத்தியாயத்தை ஓதத் தொடங்கவேண்டும், பிள்ளைகளும் சேர்ந்து ஓதுவார்கள்.

ஒருமுறை ராத்தாவுக்கு உண்மையாகவே சளி, தடிமன். அவர் இரும இரும நான் ஓதுகிறேன். பாடம் நடந்தபாடில்லை. கடைசியில், "நிப்பாட்டு புள்ள, எனக்குத் தடிமன்!" என்று கத்தினார்.

பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். அவர்கள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்று மட்டும்தான். சிரிப்பு பாதியில் நின்றது... பிறகு ஒரு இருமல். அது தடிமன் இல்லை.

இன்னொரு நாள் மகளை டியூஷனில் விட்டுவிட்டு வாவிக்கரைப் பக்கமாக ஸ்கூட்டியில் வரும்போது ராத்தா கோல் எடுத்தார். ஓரமாக நிறுத்திப் பேசினேன்.

"எங்க நிக்கிற?"

"றோட்டுல ராத்தா. ஸ்கூட்டில வாறன்."

"ஆரு ஓட்டுற?"

"நான்தான்."

"தனியவா?"

"ஓம் ராத்தா."

"போன வைக்காத. அப்படியே ஓட்டு, புள்ளையள் கேக்கட்டும்."

போனை முன் கூடைக்குள் போட்டுக்கொண்டு வீடுவரை ஓட்டினேன். இறங்கி எடுத்துப் பார்த்தால் கோல் இன்னும் வெட்டப்படவில்லை. அவ்வளவு தூரமும் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு, பெண்கள் ஓதுகிற சத்தமும் வெளியே கேட்கக்கூடாது என்றார்களாம். "இனி என்ன ராத்தா செய்ற?" என்றேன்.

"நான் மெதுவா இருமுறன். நீ மெதுவா ஓது" என்றார். பொல்லாத மனுசி.

முந்தாநாள் ராத்தாவை ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சட்டப்படி துணைக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. தனியே போயிருக்கிறார். வழியில் ஆட்சிக்காரர்களின் ஆட்கள் மறித்தார்களாம்.

நேற்று அவர் உடல் ஜனாஸாவாக வீட்டுக்கு வந்தது. மாரடைப்பு என்று சொல்லச் சொன்னார்களாம்.

ஜனாஸா வந்தது... போன் வரவில்லை.

பிள்ளைகளின் நம்பர் எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கிறது. சிம்மைக் கழற்றி வீசிவிட்டோம் என்கிறது செய்தி அனுப்பிய பிள்ளை. எல்லோரும் வீசினார்களா, யாருக்குத் தெரியும்? யா அல்லாஹ், அந்தப் பிள்ளைகளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன்... ராத்தாவின் நம்பர் ஆன்லைனில் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஒரு செய்தி. "அடுத்த கிளாஸ் எப்போது? என்ன பாடம்?"

பிளாக் பண்ணினால் சந்தேகம் வரும். சும்மா இருந்தாலும் வரும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு யாசீனை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓதி வாய்ஸில் அனுப்பினேன். "இதுதான் பாடம்" என்று கீழே எழுதினேன்.

நீல டிக் விழுந்து, மைக் அடையாளமும் நீலமாகிவிட்டது. யாரோ கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் மௌத்தானவர்களுக்கு ஓதுவதும் யாசீன்தான். ராத்தா, யார் கேட்டாலும் அது உங்களுக்கு ஓதினது. போயிட்டு வாங்க.