வண்டி எண்ணைத் தேடினால் வீடு வந்தது

எங்கள் குடியிருப்புக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். அதைச் செய்ததும் நான்தான்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இருபத்துநான்கு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. சங்கத்துக்கு நான் செயலாளர். வேலை, கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். இருபது வருடம் நூலகத்தில் இருந்துவிட்டால், எதையும் பட்டியல் போட்டு, யார் வந்து கேட்டாலும் உடனே கிடைக்கும்படி வைப்பது ஒரு குணமாகவே ஆகிவிடுகிறது. கட்டடத்தில் தினமும் வண்டிச் சண்டை. காலையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். வழியில் ஒரு ஸ்கூட்டர் கிடக்கும். அது யாருடையது என்று காவலாளி மாடி மாடியாக ஏறிக் கேட்க வேண்டும். அதற்காக ஒரு பட்டியல் தயாரித்தேன். வீட்டு எண், பெயர், கைப்பேசி எண், வண்டி எண். கடவுச்சொல் வைத்தால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்று பூட்டில்லாமலேயே இணையத்தில் போட்டேன். கூடவே பொங்கல் விழாப் படங்களும். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ் வாடகைக்கு இருந்தாள். தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளோடு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டாள், ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் கூப்பிடாமலே வந்து நிற்பாள். குடிவந்த அன்று அவள் நிரப்பிக் கொடுத்த படிவத்திலிருந்துதான் விவரங்களை எடுத்துப் பட்டியலில் சேர்த்தேன். கணவர் வெளியூரில் இருக்கிறார் போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது காவலாளி மூச்சிரைக்க மேலே வந்தார்.

"மேடம், கொஞ்சம் வாங்க. நர்சம்மா வூட்டாண்ட ஒர்த்தன் கதவ தட்டிகினே கீறான். புருசன்னு சொல்றான். வூட்டு நம்பரு, வண்டி நம்பரெல்லாம் கரெக்டா சொன்னான், அதான் உள்ள வுட்டுட்டேன். அந்தம்மா தொறக்க மாட்டேங்குது."

கை ஈரத்தோடு இறங்கி ஓடினேன். நாற்பது வயது இருக்கும் அந்த ஆளுக்கு. இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் இனிப்புப் பெட்டி. இன்னொரு கையால் கதவை அறைந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"போயிடுங்க. போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு! எங்க போய் ஒளிஞ்சாலும் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சியா? போன் நம்பர மாத்துன. வேலைய மாத்துன. வண்டிய மாத்தலையே! வண்டி நம்பர நெட்டுல போட்டேன், வீட்டு நம்பரே வந்துருச்சு. பொங்கல் போட்டோவோட வந்துருச்சு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தார். "நீங்களே சொல்லுங்க மேடம். பொண்டாட்டி, புள்ளையப் பாக்க வர்றது தப்பா?"

எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் அந்த வண்டி எண் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"நான் இந்த பில்டிங் செக்ரட்டரி" என்றேன். "அவங்க போகச் சொல்றாங்க. கீழ இறங்குங்க."

அதற்குள் எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் வெளியே வந்து நின்றார்கள். அந்த ஆள் எங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இனிப்புப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "வருவேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

பத்து நிமிடம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"அக்கா, என் வண்டி நம்பர நெட்டுல யார் போட்டது?"

"நான்தாம்மா."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள்.

அன்றுதான் விஷயம் தெரிந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்னால், உடைந்த மணிக்கட்டோடு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியவள். சொந்தக்காரர்கள் யாருக்கும் முகவரி தரவில்லை. ஃபேஸ்புக்கை மூடிவிட்டாள். வண்டி மட்டும் அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்பதால் பிறகு லாரியில் ஏற்றி வரவழைத்திருந்தாள். "அவர் குரல் கேட்டதும் பாப்பா கட்டிலுக்கு அடியில போயிட்டா. இன்னும் வெளிய வரல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டியலை அழித்தேன். படங்களையும் எடுத்தேன். அழித்துவிட்டோம் என்று நிம்மதியாகி, சோதித்துப் பார்க்க அவள் வண்டி எண்ணைத் தேடுபொறியில் போட்டேன். பக்கம் திறக்கவில்லை. ஆனால் தேடல் முடிவின் கீழே இரண்டு வரியில் அவள் பெயரும் வீட்டு எண்ணும் அப்படியே நின்றன. அழித்த பக்கத்தின் பழைய நகலை அது தன்னிடம் வைத்திருந்தது. அதையும் நீக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு விண்ணப்பித்தேன். அந்த நகல் மறைய நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் வேலைக்கு நடுவே அந்த எண்ணைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே அவளை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். புகாரை எழுதி வாங்கிக்கொண்ட பெண் உதவி ஆய்வாளர், கணவரைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார். பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றத்துக்குப் போகவும் வழி சொன்னார். பிறகு கேட்டார்:

"வீடு தெரிஞ்சிடுச்சு, சரி. வேற என்ன தெரியும் அவருக்கு? வேலை பாக்குற இடம்? பொண்ணு படிக்கிற ஸ்கூல்?"

"தெரியாது மேடம்" என்றாள் நர்ஸ்.

"தெரியாதா, இல்ல நீங்க சொல்லலையா? ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. போய்த் தேடிப் பாருங்க."

மறுநாள் ஞாயிறு. காலை டிபன் முடிந்ததும் என் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அவள் கையில் மகளுடைய பழைய ரஃப் நோட்டு. எனக்குத் தேடுவது தொழில். எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஆளாக என்னை நினைத்துக்கொண்டு தேடினேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மகளின் பள்ளி முகநூல் பக்கத்தில், ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய படம். கீழே முழுப் பெயர், வகுப்பு, பிரிவு. பள்ளியின் இணையதளத்தில் வேன் போகும் பாதைகள். எங்கள் நிறுத்தத்துக்கு வேன் வரும் நேரம். மருத்துவமனையின் இணையப் பக்கத்தில், இலவச முகாமில் அவள் ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் படம். அடுத்த முகாம் ஊரப்பாக்கத்தில், எந்தத் தேதியில், எந்த மண்டபத்தில் என்பதும் கூடவே இருந்தது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதுல எதுவுமே ரகசியம் இல்லக்கா. எல்லாரும் நல்லதுக்குத்தான் போட்டிருக்காங்க. சேத்துப் படிச்சா, நான் எத்தனை மணிக்கு எங்க நிப்பேன்னு இருக்கு."

அப்போதுதான் வீட்டுச் சொந்தக்காரர் அவளுக்கு ஃபோன் செய்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. பிரச்சினை வேண்டாம், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் எழுந்து நின்றுகொண்டு பேசினாள். "சார், ரெண்டு வருசத்துல இது மூணாவது வீடு. நான் மறுபடியும் ஓடமாட்டேன். என்ன செய்யணுமோ செய்துட்டு இங்கயேதான் இருப்பேன்." ஃபோனை வைத்தாள். உடனே நோட்டை இழுத்து, யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

மருத்துவமனையில் சொன்ன அன்றே படத்தை எடுத்துவிட்டார்கள். முகாமுக்கு வேறு ஒருவரை அனுப்புவதாகவும் சொன்னார்கள். பள்ளியில்தான் இழுத்தடித்தது. அலுவலகத்தில் இருந்தவர், "போட்டோ போட்டா பிள்ளைங்க சந்தோஷப்படுவாங்க மேடம், பேரண்ட்ஸே கேட்டு வாங்கிப் போடச் சொல்றாங்க" என்றார். மூன்று முறை போனோம். மூன்றாவது முறை தலைமையாசிரியை அறையில், அவர் கணினியிலேயே தேடிக் காட்டினேன். படத்திலிருந்து வகுப்பு, அங்கிருந்து வேன், அங்கிருந்து நிறுத்தமும் நேரமும். நான்கே சொடுக்கு. அவர் மணியடித்து, அந்த அலுவலகக்காரரைக் கூப்பிட்டார். வேன் பட்டியல் அன்றே போய்விட்டது. படம் போடுவதற்கு முன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் அடுத்த வாரம் வந்தது.

கடினமான இடம் எங்கள் சங்கக் கூட்டம்தான். தரைத்தளத்தில் இருக்கும் பெரியவருக்கு என் மேல் கோபம். இந்தக் கட்டடம் நிற்கும் இடமே ஒருகாலத்தில் அவர்கள் குடும்பத்தின் நெல் வயல். அவர் பேச்சுக்குக் கட்டடத்தில் மதிப்பு உண்டு.

"ஒரு வூட்டுப் பிரச்சனைக்காக எல்லார் வசதியையும் எடுத்துட்டீங்களே. ஓட்டர் லிஸ்ட்டு நெட்ல கீது. அந்தக் காலத்துல டெலிபோன் டைரக்டரி வூட்டுக்கு வூடு வந்துது. வாசல்ல பேர் எழுதி மாட்டிக்கிறோம். இதுல இன்னா ரகசியம்?"

"டைரக்டரில வண்டி நம்பர வச்சு ஆளத் தேட முடியாது சார். தெரியாத ஊர்ல உக்காந்துகிட்டும் தேட முடியாது. உங்க பேர உங்க வாசல்ல நீங்க மாட்டினீங்க. அந்தப் பொண்ணு பேர நான் மாட்டிட்டேன்."

"சரி. செக்ரட்டரின்னா யாரையும் கேக்காம எடுத்துடலாமா?"

"கேக்காமதான் சார் போட்டேன். அதனாலதான் கேக்காமயே எடுத்துட்டேன். வேணும்னா வேற செக்ரட்டரி போட்டுக்கோங்க. ஆனா அந்த லிஸ்ட் மறுபடியும் நெட்ல போகாது."

யாரும் வேறு செயலாளரைத் தேடவில்லை. பட்டியலை அச்சிட்டுக் காவலாளி அறைக்குள், பூட்டிய மேஜையில் வைப்பது என்று முடிவாயிற்று. பெரியவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு மாலை ஐந்து மணிக்கு அந்த ஆள் மறுபடியும் வந்தார். நான் கல்லூரியிலிருந்து வந்து வாசலில் இறங்கும்போது பார்த்தேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"யாருப்பா வேணும்?"

"செகண்ட் ஃப்ளோர்ல என் பொண்டாட்டி இருக்கா சார். நெட்லயே போட்டிருக்கு."

"எங்க போட்டுக்கீது? காட்டு."

அந்த ஆள் கைப்பேசியை எடுத்துத் தேடினார். நானும் அவர் பின்னாலிருந்து திரையைப் பார்த்தேன். தேடினார், மறுபடியும் தேடினார். ஒன்றும் வரவில்லை.

"முன்ன இருந்துது சார்."

"இல்லாத ஒண்ண சொல்லிகினு நிக்காதே" என்றார் பெரியவர். நாற்காலியை விட்டு எழவில்லை. "இது எங்க எடம். அந்தப் பொண்ணு எங்க பில்டிங்குப் பொண்ணு. போலீஸுக்குச் சொல்லியாச்சு, வந்துகினே கீறாங்க. நின்னு பாத்துட்டே போ."

உண்மையாகவே சொல்லியிருந்தார்கள். காவலாளி அந்த ஆள் தெருமுனையில் வரும்போதே உதவி ஆய்வாளர் கொடுத்திருந்த எண்ணை அழைத்துவிட்டாராம். அந்த ஆள் பேருந்து நிறுத்தம் வரை போவதற்குள் ஜீப் வந்துவிட்டது. பக்கத்தை அழித்ததால் மட்டும் அவர் போய்விடவில்லை என்பது எனக்குத் தெரியும். வீடு அவர் தலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதை எந்தத் தேடுபொறியிலும் விண்ணப்பம் போட்டு எடுக்க முடியாது. அதற்குத்தான் காவல் நிலையமும், நீதிமன்றமும், கேட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரும் தேவைப்பட்டார்கள். ஆனால் அவருக்குப் பள்ளி எதுவென்று தெரியவில்லை. மருத்துவமனை எதுவென்று தெரியவில்லை. விசாரணையில் அவரே அதைச் சொன்னதாக உதவி ஆய்வாளர் சொன்னபோது, நர்ஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இரண்டு மாதத்தில் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு வந்தது. வீட்டுப் பக்கமோ, அவள் வேலைக்குப் போகும் வழியிலோ அவர் வரக்கூடாது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வீட்டுச் சொந்தக்காரரும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார். மகள் கொஞ்ச நாள் அம்மாவோடுதான் பள்ளிக்குப் போனாள். இப்போது மறுபடியும் வேனில் போகிறாள்.

நான் என்னைப் பற்றியும் ஒருநாள் தேடிப் பார்த்தேன். கருத்தரங்கு அழைப்பிதழ் ஒன்றில் என் வீட்டு முகவரியே இருந்தது. கல்லூரியில் பேசி எடுக்கவைத்தேன். மாணவர்களுக்கு எப்படித் தேடுவது என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்பில், கடைசி அரைமணி நேரம் அவரவர் பெயரைத் தேடச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடத்தில், இதை எப்படி நீக்குவது என்று ஒவ்வொருவராக எழுந்து வந்து கேட்பார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. பிற தளங்களிலிருந்து எண்களை அள்ளிச் சேர்த்து வைக்கும் ஏதோ ஒரு தளத்தில் எங்கள் பட்டியலின் நகல் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். எந்த நாட்டில் யார் நடத்துகிறார்கள் என்று தெரியவில்லை. நீக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறேன். நர்ஸ் அந்த வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கிவிட்டாள், கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டாள். "போதும்கா, விடுங்க" என்கிறாள். அந்தப் பட்டியலில் இன்னும் இருபத்துமூன்று வீடுகள் இருக்கின்றன. மாதாமாதம் முதல் தேதி, கல்லூரிக்குக் கிளம்பும் முன், நகலை நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன். இந்த மாதமும் அனுப்பியாயிற்று.