தவசிமுத்து வீட்டுத் தீர்மானச் சீட்டு

ராஜபாளையத்தில் தங்கபாய் போகும் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனையில் வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். அந்த வருடத் தீர்மானங்களை எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஆலயப் பெட்டியில் இருந்துவிட்டு, அடுத்த ஜனவரி ஒன்றாம் தேதி அது அந்தந்த வீட்டாருக்கே திரும்பி வரும்.

இருபது வருடமாக வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறவர் அவள் கணவர் தவசிமுத்துதான். குடிக்க மாட்டேன் என்று அவர் எழுதும் வரிக்குப் பொங்கல் வரைக்கும்கூட ஆயுசு கிடையாது.

போன வருடம்தான் தங்கபாய் வாய்திறந்து கேட்டாள். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்தே கை தேய்ந்தவள். பத்தாவது பாஸ் பண்ணினால் சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"எனக்கும் ஒரு வரி எழுதுங்க. தங்கபாய் பத்தாவது பரீச்ச எழுதுவான்னு."

எழுதினார், அவள் கண்ணால் பார்த்தாள். சீட்டையும் கவரையும் எடுத்துக்கொண்டு, ஒட்டப் பசை தேடி வெளியே போனார். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

கர்த்தர் சந்நிதியில் தன் வரி இருக்கிறது என்ற தெம்பில் பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் படித்தாள். ஹால் டிக்கெட்டும் வந்தது. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்.

"ஒங்க தங்கச்சி ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கா? பரீச்ச அன்னைக்கு மட்டும் செத்த நேரம் பாத்துக்கிடட்டுமே" என்று தவசிமுத்துவிடம் கேட்டாள்.

"மருமக நீ இருக்கப்ப அவ எதுக்குட்டி? இந்த வயசுல எழுதி கலெக்டராவா ஆகப் போற?"

கர்த்தருக்குச் சித்தமில்லை போல என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு ஹால் டிக்கெட்டை பைபிளுக்குள் வைத்தாள்.

இந்த ஜனவரி ஒன்றாம் தேதி காலை, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவள் கைக்குக் கவர் வந்தது. பிரித்தாள். அவள் வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே தவசிமுத்துவின் கையெழுத்து: 'தங்கபாய் என் அம்மாவைக் கடைசிவரை கவனித்துக்கொள்வாள்.'

மாமியார் விழுவதற்கு முன்பே எழுதியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே மனுவே சாமிக்குப் போய்ச் சேரவில்லை. இது தெரியாமல் ஒரு வருடமாகக் கர்த்தர்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தீர்மானம் நிறைவேறினவங்க எழுந்து சாட்சி சொல்லலாம்" என்றார் போதகர்.

ஆண்கள் பக்கமிருந்து தவசிமுத்து, எந்திரி என்று சைகை காட்டினார். அவர் எழுதியதில் பலித்தது அது ஒன்றுதான். தங்கபாய் எழுந்தாள்.

"என்ன தீர்மானம்மா?"

"நா எழுதச் சொல்லாதது, ஐயா." நடந்துபோய்ச் சீட்டைப் போதகர் கையில் கொடுத்தாள். "நீங்களே வாசிங்க. அடிச்ச வரியவும் சேத்து."