முதல் நாள் சீட்டு

பிறர் ரத்தம் நம் காயத்தில் கலந்துவிட்டால் தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், தொடங்கிவிட வேண்டும். இருபத்தெட்டு நாள் விழுங்க வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனை அன்றே ஒன்று, ஆறாம் வாரம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. இதுதான் விதி. அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தவரை இதை ஊருக்கெல்லாம் ஒப்பித்தேன். எனக்கே தேவைப்பட்டது ஓய்வு பெற்ற பிறகு.

என் கையைக் கிழித்தவன் மனைவியின் தம்பி. கம்பத்துக்குத் தெற்கே அவன் திராட்சைத் தோட்டமும் எங்களுடையதும் அடுத்தடுத்து. கொடிப் பந்தலைத் தாங்கும் கல்லை எங்கள் பக்கம் இரண்டடி தள்ளி நட்டிருந்தான். சர்வேயரை அழைக்கலாம் என்று முறையாகச் சொன்னேன். கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரியோடு பாய்ந்தான். பிடுங்கப் போன இழுபறியில் முதலில் அவன் உள்ளங்கை பிளந்தது. அந்த ரத்தம் சொட்டும் கத்தரியை என் முன்கையில் ஆழமாக இறக்கினான். நான் கல்லெடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் ஒன்று விழுந்தது.

ஆட்கள் பிரித்துவிட்டபோது சிரித்தான்.

“எனக்கு எய்ட்ஸ் இருக்கு மச்சான்! இனி ஒனக்கும் இருக்கு!”

மனைவி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “ஏலே, நெசமாவாலே?”

“ஒம் புருசன்தான் பெரிய லேப்புக்காரராச்சே, அவுகளே கண்டுபிடிக்கட்டும்.”

அதுதான் முடியாது. சம்மதமில்லாமல் அவனைப் பரிசோதிக்கச் சட்டம் இடம் தராது. அந்தச் சட்டத்தையும் நான்தான் மேடை மேடையாக விளக்கியிருக்கிறேன்.

போலீசில் புகார் கொடுத்தேன். மருத்துவமனையில் தையல் போட்டார்கள். தடுப்பு மருந்து ஊழியர்களுக்கு மட்டும் என்றார் பணியிலிருந்த இளம் மருத்துவர். “அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்” என்றேன். ஒரு போன் பேசினார், மாத்திரை வந்தது. அன்றே எடுத்த பரிசோதனையில் ‘தொற்று இல்லை’ என்று சீட்டு கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் கோயில் வாசலில் சமாதானப் பேச்சு. மனைவியின் பெரியப்பா அந்தச் சீட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

“இந்தா, இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டாகல்ல. மாப்ள, கேச வாபஸ் வாங்கிட்டு ரெண்டு பேரும் திருநீறு பூசிக்கங்க.”

“இது சண்டைக்கு முன்னாடி எனக்கு இல்லேங்கறதுக்கு அத்தாட்சி. கிருமி ஏறியிருந்தா ரத்தத்துல தெரிய வாரக்கணக்கு ஆகும்.”

“அப்ப எதுக்குய்யா சீட்டு?”

“அப்ப மூணு மாசம் வெந்து சாவு” என்றான் மச்சினன்.

மனைவி திருநீற்றுத் தட்டாலேயே அவன் நெற்றியில் ஓங்கி அடித்தாள். ரத்தம் பீறிட்டது. சீட்டே போதும் என்ற பெரியப்பா ஒரே தாவாகப் பின்னால் தாவினார். அவனைத் தாங்க ஒருவர் கை நீளவில்லை. தொட்டால் ஒட்டாது, காயமில்லாத தோலில் ரத்தம் பட்டாலும் ஒட்டாது என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அவனே எழுந்து போனான். அப்போதும் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை.

இருபத்தெட்டு நாளும் குமட்டல். கனவில் தினமும் அவனைக் கொன்றேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக. மனைவிக்குத் தொற்றக் கூடாதே என்று இந்த வயதில் ஆணுறை வாங்க, தெரிந்த முகம் இல்லாத பழனிசெட்டிபட்டிக் கடைவரை பஸ் ஏறினேன். ஆறாம் வாரமும் ‘இல்லை’ என்றே வந்தது. “போதுமே” என்றாள் மனைவி. போதாது என்றேன், வழக்கையும் நடத்தினேன்.

மூன்றாம் மாதம் மீண்டும் கையை நீட்டினேன். ஊசி குத்திய பெண் ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சி பெற்றவள். முகத்தைப் பார்க்காமலே ரத்தம் எடுத்தாள். ‘தொற்று இல்லை’ என்ற கடைசிப் பதில் என் கைக்கு வந்தது ஆவணி பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை.