அஞ்சடி ஏழு

ராதாமணிக்கு உயரம் அஞ்சடி எட்டங்குலம். இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, அவளுக்கு நடந்ததும் நடக்காமப் போனதும் எல்லாமே இதுல இருந்துதான் கெளம்புது.

மதுரை காமராஜர் சாலையில ஒரு ஜவுளிக்கடை மாடியில, சௌராஷ்டிரக் குடும்பங்களுக்குன்னே ஒரு கல்யாணத் தகவல் நிலையம் இருந்துச்சு. நடத்துனவர் துளசிராம். ராதாமணிக்கு அங்கதான் வேலை. வரன் தேடுறவங்க ஃபாரம் எழுதிக் குடுத்தா, அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டு, பொருத்தமான வீட்டுக்கு அனுப்பி வைக்கணும். எட்டு வருஷமா இதையேதான் செய்யுறா. அவ சேத்து வச்ச ஜோடிங்க பிள்ளைங்கள எல்லாம் கூட்டினா ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். அவளுக்கு மட்டும் முப்பத்து மூணு வயசாகியும் ஒண்ணும் அமையலை. இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியவங்க எல்லாம் சிரிச்சு முடிச்சாச்சு, நாமளாவது விட்ருவோம்.

இருபத்தாறு வயசுல மொதல் மொதலா அவளைப் பாக்க வந்தாங்க. வந்தவங்க காபி குடிச்சுட்டுச் சும்மா போயிருக்கலாம்ல? பையனையும் இவளையும் பக்கத்துல பக்கத்துல நிக்கச் சொன்னாங்க. பையன் இவ காதுக்குத்தான் வந்தான். பையனோட சித்தி வாயைப் பொத்திக்கிட்டு, "இவ கழுத்துல தாலி கட்டணும்னா ஸ்டூல் போடணும் போலயே"ன்னா. வெளங்காத பொம்பளை. கூடம் முழுக்கச் சிரிப்பு. பையனும் சிரிச்சான். ராதாமணியும் கூடவே சிரிச்சா, அதுதான் கொடுமை. அதுக்கப்புறம் வந்த ரெண்டு இடமும் இதே கதைதான். அதுலருந்து அவ ஒரே ஒரு நிபந்தனை வச்சா: வர்றவன் தன்னைவிட ஒரு அங்குலமாவது கூட இருக்கணும். படிப்பு, வேலை, நெறம் எதையும் அவ கேக்கலை. அந்தச் சிரிப்பை மட்டும் இன்னொரு தடவை அவளால தாங்க முடியாது.

அப்பா முன்னாடியே போயிட்டார். போன வருஷம் அம்மாவும் போய்ட்டாங்க. அண்ணன் கோயமுத்தூர்ல குடும்பத்தோட செட்டில் ஆயிட்டான், ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், மூணு நிமிஷம் பேசுவான். ஆனையூர்ல மாடி போர்ஷன்ல ராதாமணி தனியா இருந்தா. சாயங்காலம் டவுன் பஸ்ல போய் எறங்கி, பூட்டைத் தொறந்து, அரை ஆழாக்கு அரிசி போடுவா. வீட்டுல சௌராஷ்டிரம் பேச ஆளே இல்லாமப் போச்சு. அதனால அடுப்புகிட்டப் பேசுவா. "இன்னைக்கு பஸ்ல எம்புட்டுக் கூட்டம் தெரியுமா"ன்னு கேப்பா. அடுப்பு என்ன சொல்லும்?

ரெண்டாயிரத்து நாலுல நிலையத்துக்கு இன்டர்நெட் வந்துச்சு. அதோட வெளிநாட்டுப் பையன்களோட ஃபாரமும் மெயில்ல வர ஆரம்பிச்சுச்சு. அவனுங்க உயரத்தைச் சென்டிமீட்டர்ல எழுதுவானுங்க. நம்மூரு ஆளுங்களுக்கு அடி, அங்குலம்னு சொன்னாத்தான் புரியும். மொதல்ல தையல் டேப்பை விரிச்சு வச்சுத் தேடிக்கிட்டிருந்தா. அப்புறம்தான், தேடுற பெட்டியிலயே "இம்புட்டு சென்டிமீட்டர், அடியில எம்புட்டு"ன்னு இங்கிலீஷ்ல அடிச்சா அதுவே கணக்குப் போட்டுச் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சா. புள்ளி வச்சு நீளமா ஒரு நம்பர் வரும். புள்ளிக்கு முன்னாடி அடி, புள்ளிக்குப் பின்னாடி வர்ற மொத நம்பர் அங்குலம். அப்படித்தான் அவ எடுத்துக்கிட்டா. துளசிராமும் எட்டிப் பாத்துட்டு, "பெரிய வேலையா இருக்கேம்மா இது"ன்னு மெச்சிக்கிட்டார்.

ஒண்ணு மட்டும் அவளுக்கு வேடிக்கையா இருக்கும். உள்ளூர்ப் பையன்கள்ல அஞ்சடி பத்து, பதினொண்ணு எல்லாம் உண்டு. வெளிநாட்டு ஃபாரத்துல அந்த ரெண்டும் வந்ததே இல்லை. அஞ்சு ஒம்பதுக்கு மேல போனா நேரா ஆறுதான். அந்த ஊருத் தண்ணி அப்படி போலன்னு நெனச்சுக்கிட்டா.

ரெண்டாயிரத்து ஆறு ஆடியில மஸ்கட்லருந்து ஒரு ஃபாரம் வந்துச்சு. பேரு சாய்பிரசாத், வயசு முப்பத்தாறு, ஆஸ்பத்திரி லேப்ல வேலை, அப்பா அம்மா இங்க மதுரை முனிச்சாலையில. போட்டோ பாஸ்போர்ட் சைஸ், மூஞ்சி மட்டும்தான். 'எதிர்பார்ப்பு'ங்கிற எடத்துல எல்லாரும் நெறம், டிகிரின்னு அடுக்குவாங்க. இவன் ரெண்டே வரி எழுதியிருந்தான்: "பேச ஆள் வேணும். ரூமுக்கு வந்தா டிவிகிட்டத்தான் பேச வேண்டியிருக்கு."

ராதாமணி அதை நாலு தடவை படிச்சா. கோத்திரம் பாத்தா, வேற வேற, தோதுதான். ரெண்டு பேரு ஜாதகத்தையும் எடுத்துக்கிட்டு யாருக்கும் சொல்லாம மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஜோசியர்கிட்டப் போனா. பத்துக்கு எட்டுப் பொருத்தம். திரும்பி வந்து உக்காந்து, கடைசியா உயரத்தைப் பாத்தா. நூத்தி எழுபத்தாறு சென்டிமீட்டர்.

அடிச்சா. 5.77427822 அடின்னு வந்துச்சு.

அஞ்சடி ஏழு. தன்னைவிட ஒரு அங்குலம் கம்மி.

தப்பா அடிச்சிருப்போமோன்னு மறுபடி அடிச்சா. அதே அஞ்சு புள்ளி ஏழுதான். ஒரு அங்குலம் பெரிய விஷயமான்னு மூணு நாள் தனக்குத்தானே கேட்டுக்கிட்டா. அடுப்புகிட்டயும் கேட்டா. ஸ்டூல்னு சொன்ன அந்தச் சித்தியோட குரல் மட்டும் விடவே இல்லை. நாலாவது நாள் துளசிராமே கேட்டார்: "ராதாம்மா, மஸ்கட் பையனுக்கு உன் ஃபைலை அனுப்பட்டுமா? வயசு தோதா இருக்கே."

"வேண்டாம்ணே. அவரு ஒரு அங்குலம் கம்மி."

"ஒரு அங்குலத்துக்கா பாக்குற?"

"சிரிப்பாங்கண்ணே."

ராதாமணியே வித்யாஸ்ரீங்கிற பொண்ணோட ஃபைலை எடுத்து முனிச்சாலைக்கு அனுப்பி வச்சா. வித்யாஸ்ரீ அஞ்சடி ரெண்டு. பையன் ஏழா இருந்தா என்ன, எட்டா இருந்தா என்ன? ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சுப் போச்சு, தையில கல்யாணம்னு முடிவாச்சு.

மார்கழிக் கடைசியில ஒரு நாள் காலையில சாய்பிரசாத்தே பத்திரிகை குடுக்க வந்தான். ராதாமணி பொதுவா வர்றவங்களுக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டா, உயரமானவங்களுக்கு அது ஒரு பழக்கம். ஆனா தட்டுல வச்சுக் குடுக்குற பத்திரிகையை உக்காந்துக்கிட்டே வாங்க முடியாது. எந்திரிச்சா. எந்திரிச்சு நிமுந்தா, அவன் கண்ணைப் பாக்க அவ கண்ணை ஒசத்த வேண்டியிருந்துச்சு. அவளுக்கு அது பழக்கமே இல்லாத வேலை.

"மேடம், அந்த ஃபாரத்துல எழுதுனதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்"னான். "நீங்க படிச்சிருக்கீங்க. வித்யா போன்ல பேச ஆரம்பிச்சா விடவே மாட்டேங்குறா. ரொம்ப தேங்க்ஸ்."

"சந்தோசம் சார்"னா ராதாமணி. அப்புறம் கேக்காம இருக்க முடியலை. "சார், உங்க உயரம் எம்புட்டு?"

அவன் கொஞ்சம் முழிச்சான். "அஞ்சு ஒம்பது. ஏன் மேடம், ஃபாரத்துலயே போட்டிருந்தேனே?"

"சும்மாதான் சார். கம்ப்யூட்டர்ல சரிபாக்கணும்."

அவன் படி எறங்குன சத்தம் அடங்குற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா. அப்புறம் உக்காந்து, அந்தப் புள்ளிக்குப் பின்னாடி இருந்ததை மட்டும் எடுத்து, அங்குலத்துல எம்புட்டுன்னு அடிச்சா. ஒம்பதே காலுக்குக் கொஞ்சம் மேலன்னு வந்துச்சு. அடிக்குப் பன்னண்டு அங்குலம். மூணாம் வகுப்புப் பாடம். புள்ளிக்குப் பின்னாடி ஏழுன்னா பத்துல ஏழு பங்கு அடி, ஏழு அங்குலம் இல்லை. பத்தும் பதினொண்ணும் ஏன் வரலைன்னு இப்பத்தான் புரிஞ்சுச்சு. கம்ப்யூட்டர் கணக்கைச் சரியாத்தான் சொல்லியிருக்கு. இவதான் தப்பாப் படிச்சிருக்கா. அவளைவிட அவன் ஒரு அங்குலத்துக்கு மேலயே கூட.

அழுகை வரலை. அலமாரியைத் தொறந்து வெளிநாட்டு ஃபைல் அத்தனையையும் மேசையில எறக்குனா. ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்து, பழசை அடிச்சுட்டுப் பேனாவால திருத்தி எழுதுனா. நாப்பத்தொரு ஃபைல். மத்தியானம் டப்பாவைத் தொறக்கவே இல்லை. என்னாச்சும்மான்னு துளசிராம் கேட்டதுக்கு, அங்குலம் தப்பா ஏத்திட்டேண்ணே, அம்புட்டுத்தான்னு சொன்னா.

சாயங்காலம் கெளம்புற நேரத்துல, கீழ் தட்டுல 'முடிஞ்சது'ன்னு எழுதி வச்ச கட்டுலருந்து ஒரு ஃபைலை உருவுனா. துளசிராம் பாத்தார்.

"அது மஸ்கட் பையனோடதும்மா. கல்யாணமே நிச்சயமாயிருச்சு. அதை இனி யாரு பாக்கப் போறா, விடு."

"இருக்கட்டும்ணே"ன்னு சொல்லிட்டு, ராதாமணி ஏழுங்கிறதைப் பேனாவால அடிச்சுட்டு, பக்கத்துல ஒம்பதுன்னு நிதானமா எழுதுனா. "தப்பா இருக்குல்ல."