ஆள் குறைந்த பெரட்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் ஈப்போவுக்குப் போய் கனகராஜையே கேட்கலாம். ஆனால் கத்தித்தான் கேட்க வேண்டும். அவர் வீட்டில் டிவியும் ரேடியோவும் ராப்பகலாக அலறிக்கொண்டிருக்கின்றன. சத்தம் என்றாலே மூஞ்சியைச் சுளித்த மனுஷன் அவர்!

வயது ஐம்பத்து நான்கு. தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். புந்தோங் அடுக்குமாடியில் இருந்தபோது கீழ்வீட்டுக்காரன் பாட்டுப் பாடினால் ஆகாது. "மாடு கத்துனாகூட ராகம் இருக்கும்லா" என்பார். சரி, புறநகரில் வீடு வாங்கிப் போனார். அங்கே பக்கத்து வீட்டு நாய், எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள், பின்வீட்டில் ஓயாமல் ஓடும் தண்ணீர் பம்ப். ஒருவரை விடாமல் திட்டினார். இவர் அடிக்கிற பஸ் ஹார்ன் மட்டும் சங்கீதமாக்கும்.

திட்டியதில் தூக்கம்தான் போயிற்று. ஒரு நாள் நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்போதே கண்ணயர்ந்துவிட்டார். பஸ் கால்வாய் ஓரத்தில் போய் நின்றது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சாவிய வச்சிட்டுப் போயிருங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியாக வேண்டும்.

மனைவி விமலாதான் ஃபோனில் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். பீடோர் பக்கம், மூடிப்போன ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லயத்து வீடு. 'நூறு விழுக்காடு அமைதி' என்று போட்டிருந்தது.

"நம்ம அப்பன் ஆத்தா ஓசியில கிடந்த லயம். அதுக்குப் போய் வாடகையா? நல்லா யாவாரம் பண்றானுங்க!" என்றார் கனகராஜ். திட்டிக்கொண்டேதான் போனார்.

வீட்டு முதலாளி கென்னத், வெள்ளைச் சட்டை போட்ட ஆள், அமைதியைப் பற்றியே அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசினான். காவல்காரர் அப்பாவு சாவியைக் கொடுத்துவிட்டு மெல்லத் தொடங்கினார்.

"அண்ணே, விடிகாலையில யாராச்சும் கூப்ட்டா நீங்க..."

"அப்பாவு! போயி தண்ணி போத்தல் எடுத்துட்டு வா" என்று கென்னத் வாயை அடைத்துவிட்டான். அப்பாவு திரும்பி வரவில்லை.

இரவு மணி 9.40. கனகராஜ் விளக்கை அணைத்தார். சுவர்க்கோழி இல்லை. தவளை இல்லை. ரப்பர் போய், இப்போது சுற்றிலும் செம்பனை. ஓர் ஓலைகூட உரசவில்லை. கொடுத்த காசுக்குப் பழுதில்லை என்று நினைத்தார்.

ஒரு தடவை இருமினார். இருமல் அவர் காதுக்கே கேட்கவில்லை...

அசதி என்று புரண்டு படுத்தார். தூங்கியும்போனார்.

காலை 5.10.

டங்... டங்... டங்...

தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிக்கும் சத்தம். அவர் பிறந்த தோட்டத்திலும் இப்படித்தான் அடிப்பார்கள். எல்லாரும் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு ஓடுவார்கள். கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவனுக்குத்தான் அன்றைக்கு வேலை; அவனைத்தான் லாரியில் ஏற்றுவார்கள். எவனாவது தூங்கிப்போனால், பக்கத்தில் நிற்பவன் பாவம் பார்த்து அவனுக்காக "வந்தாச்சு" என்று சொல்லிவிடுவான். லயத்தில் பிறந்த யாருக்கும் அது ஊறிப்போன பழக்கம்.

"சீ! வாடகைக்கு வந்தவனுக்குக் கூத்துக் காட்டுறானுங்க" என்று தலையணையால் காதை மூடினார்.

"சன்னாசி!"

"வந்தாச்சு."

"நவமணி!"

"வந்தாச்சு."

ஜன்னலைத் திறந்து பார்த்தார். லயத்துக்கு முன்னால் இருந்த திடலில் ஒருவரும் இல்லை.

5.14.

"உடையப்பன்!"

பதில் இல்லை.

"உடையப்பன்!"

இந்தத் தடவை வாசலுக்குப் பக்கத்தில்.

"உடையப்பன்..."

கதவுக்கு அந்தப் பக்கம்.

தூக்கம் போகிறதே என்ற எரிச்சல். பழைய பழக்கம் வேறு. வாய் முந்திக்கொண்டது.

"வந்தாச்சுய்யா! போதுமா?"

சத்தம் நின்றது.

டமார்... லாரியின் பின்பலகை சாத்தும் சத்தம். இன்ஜின் உறுமியது. மெல்லத் தூரமாய்ப் போயிற்று.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது தெரியாத கனகராஜ், ஒன்பது மணி வரை குறட்டை விட்டார். கிளம்பும்போது அப்பாவுவிடம் ஏளனமாகக் கேட்டார்.

"உங்க பெரட்டு நாடகத்துக்கு எத்தன ஆளு வச்சிருக்கீங்க?"

அப்பாவு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "பதில் குடுத்தீங்களாண்ணே?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்று பொய் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

பத்து நாள் கழித்து அப்பாவு ஃபோன் செய்தார்.

"அண்ணே, மறைச்சு பிரயோசனம் இல்ல. முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால பெரட்டு முடிஞ்சு போன லாரி, ஈயம் தோண்டுன லம்பத்துக் குட்டையில விழுந்துருச்சு. ஏறுனவங்க ஒருத்தரும் பொழைக்கல. உடையப்பன் மட்டும் அன்னைக்கித் தூங்கிட்டான். அவனுக்காக யாரும் குரல் குடுக்கல. அதனால தப்பிச்சான். அதுலேர்ந்து ஒரு ஆளு குறையுதுன்னு தெனமும் கூப்டுவாங்க. யாரும் வாயத் தெறக்க மாட்டோம்."

"இப்ப எதுக்குய்யா இதெல்லாம் சொல்ற?"

"நீங்க போன நாள்லேர்ந்து சத்தமே இல்லண்ணே. ஆளு சரியாப்போச்சு போல... கென்னத் வாடகைய ஏத்திட்டாரு."

கனகராஜ் ஃபோனை வைத்துவிட்டார். இந்தப் பத்து நாளும் காலை 5.14க்கு அவர் ஒரு லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முதல் நாள் பெரிய சாலையில். பிறகு கடைத்தெரு முனையில். நேற்று, நாலு வீடு தள்ளி.

நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டப் பயந்து, அன்று மாலையே பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். லாரிச் சத்தத்தை அமுக்கப் புதிதாக ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கினார். இப்போது அந்தத் தெருவே அவரைத் திட்டுகிறது. வாய்விட்டுத் திட்டட்டும் என்று கெஞ்சுகிறார். பாவம், ஒன்றும் உதவவில்லை. அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்த இன்ஜின் தெளிவாகக் கேட்கிறதாம்.

இன்று காலை அது அவர் வீட்டு வாசலில் நின்றது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஹார்ன்கூட அடிக்கவில்லை.

வந்தாச்சு என்று அவர்தான் சொல்லிவிட்டாரே.