பார்க்கில் நின்ற கார்

இரத்தோட்டைப் பக்கம் சமதரை அபூர்வம். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டோரச் சரிவில் கொஞ்சம் சிமெந்து போட்டு, அங்கேதான் காரை நிறுத்துவோம். காரின் மூக்குக்கு நேர் கீழே, தகரக் கூரைக்கடியில், மகள் படுக்கும் அறை.

கணவர் முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர். அப்போதெல்லாம் எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் நகரமாட்டார். ஆட்டோ கியர் கார் வாங்கியதும் கல் போய்விட்டது. ஹேண்ட் பிரேக் போடுவதும் போய்விட்டது. ஒரு மழைக்காலத்தில் அது இறுகிப் பிடித்துக்கொண்டதால் அதன் மேல் அவருக்குக் கோபம்.

"ஆட்டோ காருக்கு எதுக்குக் கல்லு? அதுக்குத்தானே பார்க் கியர் வச்சிருக்கான்?" என்பார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் என்று வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன்.

காலையில் கியரைப் பார்க்கிலிருந்து எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். முதலில் மெதுவாகத்தான். பிறகு சமையலறையில் தேங்காய் துருவும் எனக்கே கேட்டது. "பழைய கார்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று முடித்துவிடுவார். ஒருநாள் பார்க்கில் போட்டு இறங்கிக் கதவைச் சாத்துமுன் கார் ஒரு சாண் முன்னால் நகர்ந்து நின்றது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். பார்க்காதவர் போல வீட்டுக்குள் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் போட்ட சண்டையில் மறுநாளே மாத்தளை டவுனுக்குப் போனோம். கராஜ் நடத்தும் முஸ்லிம் நானா காரைச் சரிவில் நிறுத்தி, சற்று முன்னால் கட்டை போட்டார். பார்க்கில் தள்ளிவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் கடகடவென்று சறுக்கி, பிறகுதான் பிடித்தது. காதைச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் அதையே செய்தார்.

"உள்ளுக்கு ஒரு இரும்புப் பல் ஈக்குது தங்கச்சி. பார்க்ல போட்டா அதுதான் காரப் புடிக்கிறது. ஹேண்ட் பிரேக் போடாம சரிவுல உட்டா முழுப் பாரமும் அந்த ஒத்தப் பல்லுலதான். அது தேஞ்சி போச்சி. மாத்துறதுக்கு சாமான் வரணும். அது வரைக்கும் சமதரையில நிப்பாட்டுங்க." பிறகு கணவரிடம் கேட்டார்: "இப்ப நிப்பாட்டுற எடத்துக்குக் கீழ என்ன ஈக்குது?"

"ஒண்ணுமில்ல நானா, பள்ளம்தான்."

"எங்க மக தூங்குற ரூம்," என்றேன் நான்.

நானா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கராஜில் விட்டுவர இடமில்லை. வேறு வழியில்லாமல் அதே சரிவில்தான் கொண்டுவந்து நிறுத்தினோம். மழை பிடித்துக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை முடிந்தமட்டும் இழுத்துவிட்டு, இரண்டு சக்கரத்துக்கும் கல் வைத்தார். நனைந்தபடி காரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பள்ளம் என்று பொய் சொன்னதற்கு நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் நேரே உள்ளே போய், மகளின் கட்டிலை முன் ஹோலுக்கு இழுக்கத் தொடங்கினார்.

"ஏம்ப்பா?" என்றாள் மகள்.

"மழை வருதும்மா. அந்த ரூம் ஒழுகும்."

அந்த அறை ஒருநாளும் ஒழுகியதில்லை. அதுவரை எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். கல்லையும் பிரேக்கையும் நம்பாமல் அவர் கட்டிலை இழுப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.