சாமி தூக்கிய தோளும் காலரா ஊசியும்

போன மாதம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். என் வயதில் வருஷத்துக்கு ஒன்று போட்டுக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை வலிக்கலாம், ஒரு நாள் உடம்பு கணகணவென்று இருக்கலாம், இதற்கு முன் எந்த ஊசிக்காவது மூச்சுத் திணறியதுண்டா என்றெல்லாம் நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டார். போட்ட பிறகும் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, மயக்கம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். எனக்கு வந்தது சிரிப்புதான். எங்கள் ஊரில் ஊசி என்றால் இவ்வளவு மரியாதை கிடையாது.

எழுபதுகளில் திருவண்ணாமலையில் ஃப்ளூவுக்கு ஊசி உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. ஜுரம் வந்தால் மிளகு ரசம், போனால் இட்லி. பெரியவர்களுக்குத் தெரிந்த தடுப்பூசி ஒன்றே ஒன்று: கார்த்திகைத் திருவிழாவுக்கு முன் போடும் காலரா ஊசி. வருகிற ஜனம் புண்ணியத்தோடு வாந்தி பேதியையும் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டு, இறங்குகிறவர்களைப் பிடித்துப் பிடித்துக் குத்துவார்கள். மலையைச் சுற்ற வந்தவர்கள் மேசையைச் சுற்றி ஓடுவதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும்.

நான் சொல்லப்போவது 1978. எங்கள் வீட்டில் சிலர் எழுபத்தேழு என்பார்கள். தப்பு. எழுபத்தேழில் நான் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேரவே இல்லை. அந்த வருஷத்து ஊசி நோட்டீஸைத் திருத்தியவன் நான். கடை போடுகிறவர்கள், சமைக்கிறவர்கள், சாமி தூக்குகிறவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்ட சீட்டைக் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. கடைசி வகையில் என் சித்தப்பா அடக்கம்.

சித்தப்பா மற்ற நாட்களில் வேர்க்கடலை போடுகிற விவசாயி. திருவிழா நாட்களில் காலையில் மாடவீதி சுற்றும் வாகனத்துக்கு, வலப்பக்கத் தண்டில் முதல் ஆள். தண்டு என்றால் வாகனத்தின் அடியில் கோர்த்த நீள மரம். அதைத்தான் தோளில் வாங்குவார்கள். முதல் ஆள் என்பது சின்ன விஷயமில்லை. தீபாராதனை முதலில் அவருக்கு. சாமி கோயிலுக்குத் திரும்பியதும் தலையில் கட்டிக்கொள்ளும் பரிவட்டத் துணி அவருக்கு. ஆனால் திருவிழாவில் ஒரு வேளை தண்டை விட்டு விலகினால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும், திரும்பி வராது. அந்த அடுத்தவன் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். கழுகு மாதிரிக் காத்திருந்தான் என்று சொல்ல மாட்டேன். கழுகு இவ்வளவு பேசாது.

ஊசி போடாவிட்டால் தண்டைத் தொட விட மாட்டார்கள். போட்டுக் கை வீங்கினால் தூக்க முடியாது. சித்தப்பா என்னிடம் வந்தார்.

"ஏன்டா, கண்ட புத்தகத்தையும் படிக்கறியே. இந்த ஊசி போட்டா ஆளு செத்துடுவானா?"

"சாக மாட்டாங்க சித்தப்பா. கை வீங்கும், ஜுரம் அடிக்கும். ரெண்டு மூணு நாள்ல சரியாப் பூடும்."

"எனக்கு ஒரு வேளை போனாலே எடம் போச்சே."

"அதான் இன்னிக்கே போட்டுக்கங்கன்றேன். கொடியேத்தத்துக்கு இன்னும் நாள் கெடக்கு."

"போட்டா காலரா வராதுன்னு எழுதிக் குடுப்பானா?"

"மாட்டான். வர்றது கம்மியாகும், அதுவும் கொஞ்ச மாசத்துக்கு. தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கணும்."

"அப்ப ஊசி எதுக்கு? காய்ச்சியே குடிச்சிக்கறேன்."

உள்ளிருந்து சித்தி குரல் வந்தது. "காய்ச்சறது யாரு? இவரா?"

படித்ததைத்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எனக்குப் பயம் மருந்தின் மேல் இல்லை, ஊசியின் மேல். கண்ணாடிக் குழாய், இரும்பு ஊசி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்கும் தண்ணீர். வரிசை நீள நீளக் கொதிக்கும் நேரம் குறையும். ஒருவர் ரத்தத்திலுள்ள காமாலை அடுத்தவருக்குப் போக அது போதும். இதை அவரிடம் சொல்லியிருந்தால் மலை மேல் ஏறி ஒளிந்திருப்பார்.

அண்ணன் மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டான். ரெண்டு நாள் முனகினான், எழுந்தான், எல்லோரிடமும் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். சித்தப்பாவுக்கு ஒரு நாள் அமாவாசை, ஒரு நாள் மழை, ஒரு நாள் மாட்டுக்கு உடம்பு சரியில்லை. அவர் மட்டுமில்லை, தண்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கடைசியில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், வேறு வழியில்லாமல், எல்லோரும் ஒன்றாக மேசைக்குப் போனார்கள். நானும் துணைக்குப் போனேன்.

போனதும் ஊசி போடுகிறவரிடம், "கொஞ்ச நேரம் நல்லாக் கொதிக்கட்டும் சார்" என்றேன்.

"நீ டாக்டரா?"

"இல்ல சார். அச்சகத்துல பிழை திருத்தறவன்."

"அப்ப ஸ்டவ்வத் திருத்து. எரிய மாட்டேங்குது."

திருத்தினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அன்றைக்கு எங்கள் வரிசைக்கு மட்டும் சுத்தமான ஊசி கிடைத்தது.

முதல் ஆள் சித்தப்பா. சட்டையைக் கழற்றி இடது கையை நீட்டினார். அடுத்தவரும் இடது கை. அதற்கடுத்தவரும்.

"என்னய்யா, ஒட்டுமொத்தமா எடது கை? வேண்டுதலா?"

"சாமி ஏர்றது வலது தோள்ல சார். வலிக்கறது எடதுல வலிக்கட்டும்" என்றார் சித்தப்பா.

"பயங்கர மூளைய்யா உங்களுக்கு" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் விடிந்தபோது சித்தப்பாவின் இடது மேற்கை, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி சிவந்து உப்பியிருந்தது. உடம்பு அனல். சித்தி, "படுத்துக்கங்க, சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்றாள்.

"சாமி கோச்சுக்காதுடி. அண்ணன் மவன் என் எடத்துல வந்து நின்னுக்குவான்."

கொடி ஏறியது. வாகனம் கிளம்பியது. தண்டுக்காரர்கள் எல்லோரும் வலது தோளில் வாங்கிக்கொண்டு, இடது கையைத் தொங்கவிட்டபடி நடந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. திருவூடல் தெரு முழுக்க ஒரு குலுங்கல் இல்லை. அண்ணன் பக்கத்திலேயே நடந்துவந்தான்.

"ஜுரம் ஜாஸ்தியா சித்தப்பா?"

"உன் வேலையப் பாரு."

"என் வேலையே அதானே."

பேகோபுரத் தெரு திரும்பும் முனை வந்தது. அங்கே காலங்காலமாக ஒரு வழக்கம். வலது தோள் களைத்திருக்கும். எல்லோரும் ஒரே மூச்சில் தலையைக் குனிந்து தண்டுக்கு மறுபுறம் வந்து, இடது தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. ஊசி மேசையில் அது ஒருத்தனுக்கும் நினைவு வரவில்லை. தேதி தேதியாக எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிற எனக்கும்தான். முனையில்கூட யாருக்கும் வரவில்லை. தண்டுத் தலைவர், "தோள் மாத்து!" என்று கத்தினார். பழகின உடம்பு, சொன்னதைச் செய்தது.

அரோகரா கேட்க வேண்டிய இடத்தில் "ஐயய்யோ" என்று கேட்டது, மொத்தமாக, நல்ல சுருதியில். வாகனம் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. வாகனத்தின் மேல் சாமியோடு இருந்த குருக்கள் குடைக்காம்பைக் கட்டிக்கொண்டார். லாட்ஜ் மாடியில் நின்ற கூட்டம், "சாமி ஆடி வர்றாரு பார்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. தேங்காய் உடைத்தார்கள். கீழே ஆடியது யார் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

"திருப்பி மாத்து!" என்று தலைவர் அலறினார். எல்லோரும் மறுபடி வலது தோளுக்கு வந்தார்கள். சித்தப்பா மட்டும் வரவில்லை. குனிந்து மறுபுறம் வர, இடது கையால் தண்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை எழவில்லை. தண்டு அந்த வீங்கின தோளின் மேலேயே கிடந்தது. கண்ணில் தண்ணீர்.

அண்ணன் நெருங்கினான். "உடுங்க சித்தப்பா. நான் புடிக்கறேன்."

"செத்தாலும் உட மாட்டேன்."

"யாரு உங்கள உடச் சொன்னது? நகராதீங்க."

அவருக்குப் பின்னால் ஒட்டி நுழைந்து, தன் தோளைக் கொடுத்துத் தண்டை ஒரு விரற்கடை தூக்கினான். சித்தப்பா தண்டுக்கு அடியிலேயே நின்றார். தண்டு மட்டும் அவர் மேல் இல்லை. விலகினார் என்று யாரும் சொல்ல முடியாது. தலைவர் பார்த்தார், பார்க்காத மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டார். மீதி வீதி முழுக்க அப்படியே போனது, அண்ணனின் வாய் உட்பட.

"கனமா சித்தப்பா?"

"பேசாம வாடா."

"களைச்சுட்டா சொல்லுங்க, உக்கார வெச்சித் தூக்கினு போறேன்."

கோபுர வாசலில் சாமி இறங்கியதும் குருக்கள் பரிவட்டத்தை நீட்டினார். சித்தப்பா வலது கையால் வாங்கினார். தலையில் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். இடது கை இடுப்புக்கு மேலே வரவில்லை. துணியை அண்ணனிடம் நீட்டி, முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அவன் சுற்றிக் கட்டினான்.

"இறுக்காதடா."

"அவுந்து உழுந்துட்டா எடத்த உட்டுட்டீங்கன்னு சொல்லுவாங்க" என்று சொல்லி, இன்னொரு முடிச்சும் போட்டான்.